இலகுவான வெற்றியும் ரசிகர்களின் பேச்சும்

உதைபந்தாட்டம் தொண்ணூறு நிமிட விளையாட்டு என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரசிகர்களுக்கு அது தொண்ணூறு நிமிடத்தோடு முடிவதில்லை. வீடு திரும்பும் பஸ்ஸிலும், தேநீர்க் கடையிலும், மறுநாள் வேலைத்தலத்திலும் அந்த ஆட்டம் தொடர்கிறது. தோற்றிருந்தால் யார் விட்ட பிழை என்ற வாக்குவாதம். இழுபறிப்பட்டு வென்றிருந்தால் கடைசி நிமிடத்துக் கதை. இலகுவாக வென்றுவிட்டால் என்ன பேசுவது? வாதிட அதிகமில்லை. மனம் ஆறுதலாக இருக்கிறது. அப்போதுதான் பேச்சு மைதானத்தை விட்டு வெளியே வந்து வாழ்க்கையைத் தொடுகிறது.

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலின் ரசிகர்கள் இதற்கு நல்ல உதாரணம்.

ஐந்துக்கு ஒன்று

இங்கிலாந்தின் முதற்தர லீக்கில் 20 கழகங்கள் விளையாடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடவேண்டும். 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை லிவர்பூல் கழகம் தனது 34ஆவது ஆட்டத்தில் டொட்டன்ஹாம் கழகத்தைச் சந்தித்தது. ஒரு புள்ளி கிடைத்தாலே சம்பியன் பட்டம் உறுதி. அன்பீல்ட் மைதானத்தில் 60,000க்கும் அதிகமானோர் கூடியிருந்தனர்.

12ஆவது நிமிடத்தில் எதிரணியே முதற் கோலைப் போட்டது. போட்டவர் முன்னர் லிவர்பூலுக்கு விளையாடிய சொலங்கி. அரங்கம் ஒரு கணம் அமைதியானது. நான்கு நிமிடத்தில் டியாஸ் பதில் கோல் போட்டார். பின்னர் மக்அலிஸ்டர், கக்போ, சலாஹ் என்று வரிசையாகக் கோல்கள். டொட்டன்ஹாம் வீரர் ஒருவரின் காலில் பட்டு ஒரு கோல். முடிவு 5–1. கழகத்துக்கு அது 20ஆவது லீக் பட்டம். பருவம் முடிந்தபோது இரண்டாமிடத்திலிருந்த ஆர்சனலை விட லிவர்பூல் 10 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தது.

ரசிகர்கள் பேசிக்கொள்ள விடயங்கள் இருந்தன. ஒன்பது வருடங்கள் பயிற்றுவித்த க்ளொப் விலகிய பின் வந்த ஆர்னே ஸ்லொட், வீரர்களைப் பெருவிலைக்கு வாங்கிக் குவிக்காமலே முதல் வருடத்தில் பட்டத்தை வென்றது ஒன்று. ஆனால் அன்று மூத்த ரசிகர்களின் கண்களில் நீரை வரவழைத்தது வேறொன்று.

1990க்குப் பின் 30 வருடங்கள் லிவர்பூலுக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை. 2020 ஜூனில் அது கிடைத்தபோது கொரோனாத் தொற்று உலகை முடக்கியிருந்தது. கிண்ணம் கையளிக்கப்பட்ட இரவில் ஆசனங்கள் யாவும் வெறுமையாக இருந்தன. முப்பது வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். காத்திருந்தவர்களிற் சிலர் அதைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். ஆகவே 2025இன் வெற்றி இலகுவானதாக இருந்தாலும், தம் மக்களோடு தோளுரசி நின்று பட்டத்தை வரவேற்க அவர்கள் 35 வருடங்கள் பொறுத்திருந்தார்கள் எனலாம்.

தவறணையில் பிறந்த சங்கம்

2007இல் அமெரிக்கச் செல்வந்தர் இருவர் இக்கழகத்தை வாங்கினர். வாங்கிய கடனின் சுமை கழகத்தின் தலையில் விழுந்தது. ரசிகர்கள் வழமைபோல முணுமுணுத்தார்கள். ஆனால் முணுமுணுப்போடு நிற்கவில்லை. 2008 ஜனவரி இறுதியில் மைதானத்துக்கு அருகிலுள்ள ‘சான்டன்’ என்னும் தவறணையில் கூடி, தொழிற்சங்கத்தைப் போன்ற ஓர் அமைப்பை உருவாக்கினர். ‘ஸ்பிரிட் ஒஃப் ஷாங்க்லி’ என்று அதற்குப் பெயரிட்டனர். பில் ஷாங்க்லி ஸ்கொட்லாந்தின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றிற் பிறந்து, 1959 முதல் 1974 வரை லிவர்பூலின் முகாமையாளராக இருந்தவர். கடன்சுமையைத் தந்த உரிமையாளர்கள் 2010 ஒக்டோபரில் வெளியேற நேர்ந்தது. அதற்கு வங்கியும் நீதிமன்றமும் காரணமாயிருந்தன. ஆயினும் இரண்டரை வருடங்கள் இடைவிடாது குரலெழுப்பிய ரசிகர்களின் பங்கும் சிறிதல்ல.

எழுபத்தேழாவது நிமிடம்

புதிய உரிமையாளர்கள் வந்த பின்னரும் பிரச்சினை ஓயவில்லை. 2016இல் மிக உயர்ந்த நுழைவுச்சீட்டின் விலையை 77 பவுணாக்கப் போவதாக அறிவித்தார்கள். தந்தையும் மகனும் சேர்ந்து ஆட்டம் பார்க்கும் வழக்கம் தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாததாகிவிடும் என்று ரசிகர்கள் அஞ்சினர்.

அவ்வருடம் பெப்ரவரி 6ஆம் திகதி சண்டர்லாண்ட் கழகத்துடன் ஆட்டம். லிவர்பூல் 2–0 என முன்னணியில் இருந்தது. இலகுவான வெற்றி கைக்கு வந்துவிட்டதென்றே தோன்றியது. சரியாக 77ஆவது நிமிடத்தில், முன்னரே பேசித் தீர்மானித்தபடி, ஏறக்குறைய 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் போனபின் சண்டர்லாண்ட் இரண்டு கோல்களைப் போட்டு ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தது!

வெற்றி கைநழுவியது. ஆனால் சில நாட்களில் உரிமையாளர்கள் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அத்திட்டத்தைக் கைவிட்டு, உயர்ந்த விலையை முன்னைய 59 பவுணிலேயே நிறுத்தினார்கள். இரண்டு புள்ளிகள் போயின. அடுத்த தலைமுறைக்கான இடம் காப்பாற்றப்பட்டது.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் தமக்கென ஒரு தனி லீக்கை அமைக்க முயன்றபோதும் இதுவே நடந்தது. பல கழகங்களின் ரசிகர்கள் ஒருமித்து எதிர்க்க, இரண்டே நாட்களில் லிவர்பூல் உட்பட ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. உரிமையாளர் மீண்டும் மன்னிப்புக் கேட்டார். இம்முறை மன்னிப்போடு விடாமல், முக்கிய தீர்மானங்களின்போது கருத்துக் கூறும் ஆதரவாளர் சபை ஒன்றையும் ரசிகர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

தொண்ணூற்றேழு பேர்

பட்டம் வென்ற அன்று வீரர்கள் அணிந்திருந்த சட்டையின் பின்கழுத்தில் 97 என்ற இலக்கம் இருந்தது. அது ஒரு துயரத்தின் கணக்கு.

1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கிண்ணப் போட்டியின் அரையிறுதி ஆட்டம். வாசலில் நெரிசல் கூடியபோது பொலிஸார் ஒரு கதவைத் திறந்துவிட்டனர். கூட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் புகுந்தது. நெரிபட்டு இறந்தவர்கள், கடுமையாகக் காயமுற்று 2021இல் உயிர்நீத்த ஒருவரோடு சேர்த்து, 97 பேர்.

பொலிஸார் ரசிகர்கள் மீதே பழியைப் போட்டனர். ‘தி சன்’ பத்திரிகை அதை உண்மையென்று முதற்பக்கத்தில் அச்சிட்டது. பலர் நம்பவும் செய்தனர். ஏனெனில் நான்கு வருடங்களுக்கு முன், 1985இல், பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் எதிரணி ரசிகர்கள் மீது பாய்ந்ததில் 39 பேர் இறந்திருந்தார்கள். அந்தக் குற்றம் உண்மையானது. ஆனால் ஹில்ஸ்பரோவில் அவர்கள் மீது சுமத்தப்பட்டது பொய்.

அப்பொய்யை உடைக்க 27 வருடங்கள் சென்றன. இறந்தோரின் குடும்பத்தினர் விடவில்லை, ரசிகர்களும் மறக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் நீதி கேட்டுக் கோஷமிட்டார்கள். லிவர்பூலின் பல கடைகளில் அப்பத்திரிகை இன்றும் விற்கப்படுவதில்லை. 2012இல் சுயாதீனக் குழுவொன்று, பொலிஸாரின் வாக்குமூலங்கள் பல திருத்தப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. 2016 ஏப்ரலில் புதிய மரண விசாரணையின் ஜூரிமார், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தனர். ஆயினும் எவரும் சிறை சென்றதில்லை. அரச அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையை மறைக்கக்கூடாது என்று கட்டாயப்படுத்தும் சட்டமூலம் 2025 செப்டெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதுவும் இக்குடும்பங்களின் கோரிக்கையே.

பசிக்கு நிறமில்லை

லிவர்பூலின் பரம வைரி அதே நகரத்து எவர்ட்டன் கழகம். இவர்களுக்குச் சிவப்பு, அவர்களுக்கு நீலம். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பாகவும் தம்பி நீலமாகவும் இருப்பதுண்டு.

அன்பீல்ட் மைதானத்தைச் சூழவுள்ள பகுதி இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் ஒன்று. கோடிக்கணக்கான பவுண் புழங்கும் மைதானத்தின் மதிலுக்கு வெளியே பிள்ளைகள் பசியோடு உறங்கும் வீடுகள் இருந்தன. 2015இல் இரு கழக ரசிகர்களும் சேர்ந்து, ஆட்ட நாட்களில் மைதான வாசலில் உணவுப் பொருட்கள் சேகரிக்கத் தொடங்கினர். பசிக்குக் கழக நிறம் கிடையாது என்பதே அவர்களின் கோட்பாடு. ஆட்டம் பார்க்க வருபவர் ஒரு பேணி மீனையோ ஒரு பைக்கற் அரிசியையோ போட்டுவிட்டு உள்ளே செல்கிறார். இம்முயற்சி பின்னர் வேறு நகரங்களின் ரசிகர்களிடமும் பரவியது.

நாம் கவனிக்க வேண்டியவை

இம்மக்கள் எவரும் தலைவர்களாகப் பயிற்றப்பட்டவர்கள் அல்லர். ஆட்டம் முடிந்ததும் கூடிப் பேசும் பழக்கம் மட்டுமே அவர்களிடம் முன்னமே இருந்தது. பேசியதை ஒரு தீர்மானமாக்கினார்கள். தீர்மானத்தை ஒரே நேரத்தில், ஒரே விதமாக நிறைவேற்றினார்கள். தேவைப்பட்டபோது கையிலிருந்த வெற்றியையே விட்டுக்கொடுத்தார்கள். எதிரணிக்காரனையும் அயலவனாகக் கண்டார்கள்.

கூடிப் பேசும் இடம் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே குறைகளும் பேசப்படுகின்றன. பேச்சு முடிந்து எழும்போது, அடுத்த முறை எப்போது கூடுவது, அதற்குள் யார் எதைச் செய்வது என்று கேட்க ஒருவர் இருந்தால் ஒரு சங்கம் தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.