பொத்துவிற் களப்பும் கண்டற் காட்டின் எல்லையும்

சிதம்பரம் தில்லை எனப் பெயர் பெற்றது, முன்னாளில் அங்கே செறிந்திருந்த தில்லை மரங்களாலாகும். இன்று அம்மரங்கள் காடாய் நிற்பது நகரில் அன்று, கடலோரத்துப் பிச்சாவரத்திலேயாம். பெயர் நிலைக்கக் காடு அகன்றது. அது எக்காலத்தில், எவ்வளவு அகன்றதென்பதைப் பெயர் கூறமாட்டாது. காலந்தோறும் வரையப்படும் தேசப்படமே கூறும். கண்டற் காடுகள் இன்றும் நிலைத்துள்ள ஈழத்துக் களப்புகளுக்கு இத்தகைய படங்கள் இன்றியமையாதன.

அம்பாறைக் கரையிலுள்ள பொத்துவிற் களப்பின் ஓரங்களிற் கண்டல், கண்ணா, தில்லை முதலிய மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்தலின், மீனவரின் சீவனமும் இக்காட்டைச் சார்ந்ததாகும். இலங்கைக் கரையிற் கடல்நீரின் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலின் இங்குக் கண்டற் காடு அகலப் பரவாது, ஒடுங்கிய நாடாப்போல் நீரோரத்தை ஒட்டியே நிற்கும்.

இவ்வொடுக்கமே படம் வரைவோர்க்கு முதல் இடர். 1972 இல் லான்ட்சற் செய்மதி ஏவப்பட்ட பின்னர், வானிலிருந்து காடுகளை அளத்தல் எளிதாயிற்று. பச்சிலை செந்நிறக்கீழ்க் கதிரை மிகுதியாகத் தெறிக்கும். நீரோ அதனை உறிஞ்சும். இவ்வேறுபாட்டாற் காடும் களப்பும் பிரித்தறியப்படும். எனினும், 30 மீற்றர்ச் சதுரமே செய்மதிப் படத்தின் அலகாயின், 20 மீற்றர் அகலமுள்ள மரவரிசை நீருடன் கலந்து மறைந்துபோகும். 2015 இல் ஏவப்பட்ட சென்ரினல் செய்மதியின் 10 மீற்றர் அலகு இக்குறையைப் பெரிதும் நீக்கியது.

இரண்டாம் இடர் பருவத்தால் வருவது. கோடையில் முகத்துவாரத்தை மணற்றிட்டு அடைக்கும். மாரி வெள்ளம் அதனை உடைக்கும். களப்பின் நீர்மட்டமும் அதற்கேற்ப மாறும். மாரியில் அயலிலுள்ள பற்றைகளும் தளிர்த்துக் கண்டல்போலத் தோன்றும். ஆகவே, தை மாதப் படத்தை ஆவணி மாதப் படத்துடன் ஒப்பிடின், இல்லாத அழிவும் பொய்யான வளர்ச்சியும் புலப்படும். ஆண்டுதோறும் ஒரே பருவத்துப் படங்களை ஒப்பிட்டு, ஐயமுள்ள இடங்களைத் தோணியிற் சென்று சரிபார்த்தலே தக்க முறையாம்.

இம்முயற்சியின் பயன் யாது? 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கைக் கரையெங்கும் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. 2017 இல் வெளியான ஆய்வொன்று, 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டயரே பிழைத்ததென்றும், ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லையென்றும் காட்டிற்று. நிலமட்டமும் நீரின் வரவும் பொருந்தா இடத்தில் நட்டமை இதற்குத் தலையாய காரணமாகும்.

காடு முன்பு எங்கே நின்றது, எங்கே தானாகப் பரவுகின்றது என்பவற்றைக் காட்டும் படம் கையிலிருப்பின், வீண்முயற்சி குறையும். நடுவதற்கு முன் எல்லையை அறிதல் வேண்டும். அறிந்த எல்லையைக் காத்தல் அதனினும் வேண்டும்.