கேவலாதேவ்: ஒரு பறவைச் சரணாலயத்தின் சமூக வரலாறு

ஈரநிலச் சரணாலயமொன்றினுட் புகுவோர், மனித உழைப்பின் சுவடு படாத இயற்கையைக் காண வந்ததாகவே பெரும்பாலும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, இராஜஸ்தான் மாநிலத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவினூடே நடப்போர் கண்கூடாக அறியலாம்.

பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர். மழைக்குப் பின்னர் இங்குள்ள மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடுகட்டுகின்றன. பனிக்காலத்தில் வட ஆசியாவிலிருந்து வாத்தினங்கள் திரண்டு வருகின்றன. பறவைகளை நோக்கி நடப்பவர் தம் காலடியையும் நோக்குதல் வேண்டும். அவர் நிற்பது கைகளாற் கட்டப்பட்ட கரை. அப்பால் நீரைத் தேக்கித் திறப்பது மதகு. பதினெட்டாம் நூற்றாண்டிற் பரத்பூர் அரசர் கட்டுவித்த அஜான் அணையும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாத்து வேட்டைக்கென அமைக்கப்பட்ட கரைகளும் மதகுகளுமே இயல்பான பள்ளமொன்றை இவ்வீரநிலமாக்கின.

அவ்வேட்டையின் சான்று பூங்காவின் நடுவே உள்ளது. பூங்காவுக்குப் பெயரளித்த சிவன் கோயிலுக்கு அண்மையிலுள்ள கற்பலகைகளில், வேட்டை நிகழ்ந்த நாளும், துப்பாக்கிகளின் எண்ணிக்கையும், வீழ்த்தப்பட்ட பறவைகளின் தொகையும் பொறிக்கப்பட்டுள்ளன. 1938 நவம்பர் 12ஆம் நாள், இராசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. சுதேச மன்னரும் ஏகாதிபத்தியமும் கொண்டிருந்த நட்புக்கு இக்கற்களே மெய்க்கீர்த்தி எனலாம். மண் சுமந்து கரையெழுப்பியோர் அம்மெய்க்கீர்த்தியில் இடம்பெறவில்லை.

இந்நிலம் 1976இற் சரணாலயமாகவும் 1982இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வேட்டை முன்னரே முடிவுற்றிருந்தது. ஆயினும், அயற்கிராமத்தோர் விலக்கப்படுதல் முடிவுறவில்லை. 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது; எதிர்த்த கிராமத்தோர்மீது பொலிசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. பறவைகளின் நன்மைக்கெனவே இத்தடை விதிக்கப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது. ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980களில் மேற்கொண்ட நீண்டகால ஆய்வு வேறொன்றை வெளிப்படுத்தியது. எருமைகள் அகன்றதும் நீர்ப்புல் கட்டின்றிப் படர்ந்து, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மேய்ச்சலும் அவ்வீரநிலத்தை உருவாக்கிய செயல்களுள் ஒன்றாக இருந்தமை பின்னரே உணரப்பட்டது.

இதிலிருந்து, மேய்ச்சல் எவ்வளவாயினும் நன்றே என முடிவுசெய்தல் பொருந்தாது. அளவு மிகுமிடத்துப் பயன் கேடாக மாறும். இங்கு எழும் வினா அளவு பற்றியது மட்டுமன்று. அவ்வளவை யார் தீர்மானிப்பது என்பதுமாகும். அந்நிலத்தோடு நாளும் உறவாடியோரின் அறிவு 1982இற் கணக்கிலெடுக்கப்படவில்லை. அவ்வறிவின் பெறுமதிக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை: இன்று அப்பூங்காவிற் பயணிகளை ஏற்றிச் செல்லும் றிக்‌ஷாத் தொழிலாளர் பலர் பறவைகளை இனங்கண்டு கூறும் வழிகாட்டிகளாகவும் விளங்குகின்றனர்.

தமிழ்த் திணை மரபு கருப்பொருளை வகுத்தபோது, புள்ளையும் தொழிலையும் ஒரே நிரலில் வைத்தது. ஒரு நிலத்தின் பறவையை அறிய விரும்புவோர் அந்நிலத்து மக்களின் தொழிலையும் அறிதல் வேண்டும் என்பதையே கேவலாதேவின் வரலாறும் உணர்த்துகின்றது.