விலையில்லா நூலும் வாசகர் பேறும்

நூல் எழுதுவது ஒரு தவம் என்பர். எழுதிய நூலை முன்பின் அறியாத ஒருவர் கையில் சேர்ப்பது அதனினும் கடுந்தவம் என்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர். நம் எலெக்ட்ரானிக் சிட்டியில் பகலெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைத்துவிட்டு, இரவில் பிள்ளைகள் உறங்கிய பின்னர் தமிழில் கதையும் கட்டுரையும் எழுதும் அன்பர்கள் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் பதிப்பகங்களின் வாயிலில் காத்திராமல் தம் நூலைத் தாமே மின்னூலாக்கி வெளியிடுகின்றனர். வெளியிட்ட மறுநாளே ஒரு கேள்வி அவர்களைப் பற்றிக்கொள்கிறது. இந்நூலை விலைக்கு விற்பதா, விலையைக் குறைத்துக் கொடுப்பதா, இனாமாகவே வழங்கிவிடுவதா?

இக்கேள்வி மின்னூலோடு பிறந்ததன்று. 1907-ஆம் ஆண்டில் சென்னையில் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியாரின் பாடல்கள் சிலவற்றைத் தம் செலவில் சிறு வெளியீடாக அச்சிட்டுப் பதினையாயிரம் படிகளை இலவசமாக வழங்கினார். ஐயரோ மிதவாதி, பாரதியாரோ திலகர் வழி நின்ற தீவிரவாதி. அரசியலில் எதிரெதிர்க் கட்சியினர். ஆயினும் பாட்டின் சுவை அப்பகையை வென்றது. அன்றைய தமிழ்நாட்டில் பதினையாயிரம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடுத்த ஆண்டு, 1908-இல், பாரதியார் தம் ‘சுதேச கீதங்கள்’ நூலை வெளியிட்டபோது, அப்பெயரைக் கேட்டறிந்த செவிகள் முன்னமே நாட்டில் இருந்தன. இனாமாகச் சென்ற சில தாள்கள் பின்வந்த நூலுக்கு வழி சமைத்தன என்று கூறுவது மிகையாகாது.

ஆனால் அதே பாரதியாரின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. புதுவையை விட்டு வெளியேறிய பின்னர், 1920-ஆம் ஆண்டில், தம் கையெழுத்துப் படிகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட அவர் திட்டமிட்டார். மொத்தம் நான்கு இலட்சம் படிகள்! முதலீடாக இருபதினாயிரம் ரூபாய் வேண்டும் என்று கணக்கிட்டு, நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றுக் கடிதம் விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவதைப் போலத் தம் நூல்களும் வீடுதோறும் விலைபோகும் என்று அவர் உறுதியாக நம்பினார். பணம் வரவில்லை. திட்டம் கடிதத்தோடு நின்றது. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். நாற்பது நூல்களையும் அவர் கண்ணால் காணவில்லை.

மலிவு விலை, மிகுதியான படிகள், வீடுதோறும் நூல் என்ற அந்த எண்ணம் தவறானதன்று. 1935-இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் என்பார் பெங்குவின் நூல்களை ஆறு பென்ஸ் விலையில் வெளியிட்டு வெற்றி கண்டதும் இவ்வெண்ணத்தைக் கொண்டே. நம் நாட்டிலும் மர்ரே எஸ். ராஜம் 1950-களில் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டுப் பெருந்தொண்டு செய்தார். பாரதியாருக்குத் தடையாக நின்றது காகிதமும் அச்சுக்கூலியும்தான். முதற்படியை அச்சிடுமுன்னரே பணம் வேண்டியிருந்தது.

அத்தடை இன்று இல்லை. மின்னூலில் முதற்படிக்கு உழைப்பு உண்டு. பதினாயிரமாவது படிக்குச் செலவு ஏதுமில்லை. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் நிறுவனம் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு இடமளித்தது. அதன்பின், கையில் அலைபேசி உள்ள எவரும் பதிப்பாளர் ஆகலாம் என்ற நிலை வந்துவிட்டது. பாரதியார் கேட்ட இருபதினாயிரம் இன்று ஒருவருக்கும் வேண்டுவதில்லை. வேண்டுவது வாசகர். அவர்களையோ கடனாகவும் பெற முடியாது.

இனி, கொடையின் வகைகளை ஆராய்வோம். கிண்டிலில் ‘செலக்ட்’ என்ற ஏற்பாடு ஒன்றுண்டு. அதில் நூலைச் சேர்ப்பவர், தொண்ணூறு நாட்களைக் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் ஐந்து நாட்கள் வரை தம் நூலை இலவசமாக வழங்கலாம். அந்நாட்களில் இறக்கிக்கொள்ளப்படும் படிகளுக்கு ஆசிரியருக்கு ஒரு காசும் வாராது. இலவச நூல்களின் வரிசையும் விலை நூல்களின் வரிசையும் வெவ்வேறு. ஆதலின் இலவச வரிசையில் முதலிடத்தில் நின்ற நூல், ஆறாம் நாள் விலை வரிசைக்குத் திரும்பும்போது அப்புகழைத் தன்னுடன் கொண்டு செல்வதில்லை. இதனை அறியாமல், ஐந்து நாட்களில் சில நூறு படிகள் சென்றுவிட்டன என்று மகிழ்ந்து, ஆறாம் நாள் ஒன்றும் விற்கவில்லையே என்று சோர்வோர் உளர்.

மற்றொரு நிபந்தனையையும் இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம். அத்தவணை முடியும்வரை அந்நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருத்தல் ஆகாது. தம் சொந்த வலைத்தளத்திலும் வைக்கக் கூடாது. மாதிரியாகப் பத்தில் ஒரு பங்கு வரை வெளியிடலாம். அச்சு நூலுக்கு இத்தடை இல்லை.

இது ஐந்து நாள் கொடை. நிலையான கொடை வேறு. அதற்கு நம்மிடையே அரிய முன்மாதிரி உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர் துணையுடன் பழந்தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் பெறும்படி மின்வடிவில் அளித்தது. புலம்பெயர்ந்த தமிழர் ஒருவர் புலம்பெயர்ந்த பிறருக்கும் தாயகத்துக்கும் செய்த பணி இது என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமிதம் உண்டாகிறது. அவ்வழியே, இக்கால எழுத்தாளர்களுக்கென 2013-இல் சீனிவாசன் முதலிய தன்னார்வலர்கள் ‘ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்’ தளத்தைத் தொடங்கினர். ஆசிரியர் தம் நூலைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வழங்கினால், தன்னார்வலர்களே அட்டை வரைந்து, கிண்டிலுக்கும் அலைபேசிக்கும் கணிப்பொறிக்கும் ஏற்ற வடிவங்களில் அதனை வெளியிடுகின்றனர். நித்யா அவர்கள் எளிய தமிழில் எழுதிய கணினி நூல்கள் இவ்வாறு வெளிவந்தவையே. நம் பகுதிக்கு வேலை தேடி வரும் கிராமத்து இளைஞர், ஆங்கில நூலைக் கண்டு மருளாமல் மைஎஸ்கியூஎல் கற்க விரும்பினால், அவருக்கு அந்நூல் காசின்றிக் கிடைக்கும். இதனினும் சிறந்த அறம் வேறு யாதுளது?

ஆயினும், இவ்வுரிமத்தில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அவ்வாறு கொடுத்த நூலைப் பின்னொருநாள் செலக்டில் சேர்க்க எண்ணினால், வேறெங்கும் இருத்தல் ஆகாது என்ற நிபந்தனை குறுக்கே நிற்கும். எனவே முதல் நூலை எழுதி முடித்த உற்சாகத்தில் இரண்டு வாயிலிலும் ஒருசேரக் கால் வைத்தல் கூடாது. எந்நூல் அறத்திற்கு, எந்நூல் வருவாய்க்கு என்பதை வெளியிடுமுன்னரே முடிவு செய்தல் நலம். நம் கருத்தைக் கேட்பின், கல்விக்கு உதவும் நூலை நிலையாகக் கொடுத்துவிடலாம். தொடர்கதையாயின் முதற்பாகத்தை மட்டும் இனாமாக்கி, இரண்டாம் பாகத்துக்கு விலை வைக்கலாம். தனிநாவலாயின் சிறுவிலை வைத்து, திருநாட்களில் குறைத்துக் கொடுக்கலாம். எல்லா நூலையும் எக்காலமும் இனாமாக அளிப்பவரைக் கொடைவள்ளல் என்று நாம் புகழலாம். ஆனால் அவருடைய அடுத்த நூலுக்குக் காசு கொடுக்க யாருக்கும் கை எழாது.

இனாம் படி வேறு, படித்தவர் வேறு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இலவச நூலின் கதி அதனினும் இரங்கத்தக்கது. பல்லைப் பார்ப்பது கிடக்கட்டும், கொட்டிலில் கட்டிய பிறகு மாட்டின் முகத்தையே பார்ப்பாரில்லை. கிண்டில் அன்லிமிடெட் என்னும் சந்தா முறையில் 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டே ஆசிரியருக்குப் பணம் அளிக்கின்றனர். பக்கங்களை எண்ணுவது சிலருக்கு மனக்குறையாக இருக்கலாம். நமக்கோ அதில் ஒரு நேர்மை தெரிகிறது. நூலை எத்தனைபேர் எடுத்தனர் என்பதைவிட எத்தனைபேர் புரட்டினர் என்பதன்றோ எழுதுவோன் அறிய விரும்புவது?

2014-இல் நம் பெங்களூரிலேயே தொடங்கப்பட்ட பிரதிலிபியில் இந்த விருப்பம் வேறு வகையில் நிறைவேறுகிறது. அங்கே தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் எவரும் எழுதலாம். பெரும்பாலான கதைகளைக் காசின்றிப் படிக்கலாம். அத்தியாயத்தின் அடியிலேயே வாசகர் தம் கருத்தை எழுதுகின்றனர். அங்கு எழுதுவோருள் இல்லத்தரசியர் பலர். சமையலறை வேலை முடிந்த பின் எழுதிய அத்தியாயத்தை மறுநாள் காலையிலேயே எங்கோ ஓர் ஊரில் யாரோ படித்து, “அடுத்தது எப்போது அக்கா?” என்று கேட்பது, அச்சுக்காலத்து ஆசிரியருக்குக் கனவிலும் வாய்த்திராத பேறு. நடையிலும் எழுத்துப்பிழையிலும் குறை காண்போர் உண்டு; குறையும் உண்டுதான்.

வாசகராகிய நம் அன்பர்களுக்கும் ஒரு சொல். ஆசிரியர் தாமே மனமுவந்து தருவது வேறு. விலைநூலை எவரோ பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் பரப்புவது வேறு. முன்னது விருந்து, பின்னது களவு. நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் நூலை, ஹொசூர் செல்லும் வழியில் இரண்டு காப்பிக்கு அதனினும் மிகுதியாகக் கொடுக்கத் தயங்காத நாம், களவாகப் பெறுவது நியாயமாகாது. இனாமாகப் பெற்ற நூலுக்கு இரண்டு வரி மதிப்புரை எழுதினால் அதுவே ஆசிரியருக்கு விலை. நன்றாக இல்லையெனில் அதனையும் காரணத்துடன் எழுதலாம்.

2025 ஆகஸ்டு முதல் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து நம் பகுதி வழியே பொம்மசந்திரா வரை ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் தாமே வண்டியோட்டியவருக்கு நூல் விரிக்க வழியில்லை. மெட்ரோவில் இடம் கிடைத்து அமர்ந்தால் ஓர் அத்தியாயம் முடியும். நம் சங்கத்தைச் சேர்ந்தோருள் மின்னூல் வெளியிட்டவர்கள், தம் நூலின் பெயர், விலை, இலவச நாட்கள் ஆகியவற்றை மாதத்தின் இருபதாம் நாளுக்குள் எழுதி அனுப்பினால், அடுத்த இதழின் பின்பக்கத்தில் கட்டணமின்றி வெளியிடுவோம். இலவச நாட்களைச் சனி ஞாயிறாக அமைத்துக்கொண்டால், ஊருக்குச் செல்லும் பேருந்திலும் படிக்க ஆள் இருக்கும்.