உங்களுக்குத் தெரியுமா? கொச்சி யூதப் பெண்களின் பாட்டு நோட்டுகள்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒருகாலத்தில் கல்யாணம், பண்டிகை என்றால் பெண்கள் மலையாளத்தில் பாடுவார்கள். ஆண்கள் கூடியிருக்கும் சபையிலும்தான். பாட்டுகளைக் கையால் நோட்டில் எழுதிவைப்பார்கள். இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. (எழுதியவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை போலும்!) 1950களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர, நோட்டுகளும் திசைக்கொன்றாகப் போயின. 1970களிலிருந்து அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க மானிடவியலாளர் பார்பரா ஜான்சன். கடற்படையில் பணியாற்றிய மட்டாஞ்சேரி ரூபி டேனியல் பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் இப்பாட்டுகளை 'ஓ, லவ்லி பேரட்!' என்ற குறுந்தகடாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஸ்கரியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் பதிப்பித்த 'கார்குழலி' நூல், மலையாள மூலமும் எபிரேய மொழிபெயர்ப்புமாக வந்தது.