அனுமதிசார் பட்டியலிடல்

அனுமதிசார் பட்டியலிடல் என்பது, வலையமைப்பின் வழியாக ஒரு கோப்பு வழங்கியை அணுகும் பயனருக்கு, அவர் பார்க்க அனுமதி பெற்றுள்ள கோப்புறைகளையும் கோப்புகளையும் மட்டும் பட்டியலிட்டுக் காட்டி, ஏனையவற்றின் பெயர்களை மறைத்துவிடும் முறை ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் சர்வர் இயங்குதளங்களில் இதனை ஆக்செஸ் பேஸ்டு எனுமரேஷன் என்றும், சுருக்கமாக ஏ.பி.இ. என்றும் அழைக்கின்றது. சாம்பா முதலிய பிற மென்பொருட்களிலும் இதையொத்த வசதிகள் உள்ளன.

ஒரு கோப்புறையைத் திறக்கலாமா என்பதைத் தீர்மானிப்பவை அக்கோப்புறைக்கு இடப்பட்டுள்ள அனுமதிகள் ஆகும். அக்கோப்புறையின் பெயர் பட்டியலில் தோன்றலாமா என்பதை மட்டுமே அனுமதிசார் பட்டியலிடல் தீர்மானிக்கின்றது. அனுமதிகள் சரியாக அமைக்கப்படாத வழங்கியில் இவ்வசதியை இயக்குவதால் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

பின்னணி

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் பலரும் பயன்படுத்தும் ஆவணங்கள் பொதுவாக ஒரு கோப்பு வழங்கியில் சேமிக்கப்படுகின்றன. வழங்கியின் நிருவாகி, அதிலுள்ள கோப்புறை ஒன்றைத் தெரிவுசெய்து, அதற்கு ஒரு பெயரிட்டு வலையமைப்பில் கிடைக்கச் செய்கின்றார். இவ்வாறு வெளியிடப்பட்ட கோப்புறை பகிர்வு எனப்படுகின்றது. விண்டோஸ் கணினிகளில் இதற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை பயன்படுகின்றது.

பயனர் ஒருவர் தனது கணினியிலிருந்து வழங்கியை அணுகும்போது மூன்று கட்டங்கள் உள்ளன.

1. பகிர்வுப் பட்டியல்: வழங்கியில் என்னென்ன பகிர்வுகள் உள்ளன எனக் கேட்டறிதல்.
2. உள்ளடக்கப் பட்டியல்: ஒரு பகிர்வினுள் நுழைந்தபின், அதிலுள்ள கோப்புறைகள், கோப்புகள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டறிதல்.
3. திறத்தல்: குறிப்பிட்ட ஒரு கோப்பையோ கோப்புறையையோ திறந்து படித்தல் அல்லது மாற்றுதல்.

வழங்கி இம்மூன்று கட்டங்களிலும் தனித்தனியே முடிவெடுக்கின்றது. ஒரு கட்டத்தில் இடப்படும் கட்டுப்பாடு மற்றொரு கட்டத்துக்குத் தானாகப் பொருந்துவதில்லை. விண்டோஸ் சர்வரின் அனுமதிசார் பட்டியலிடல் இவற்றுள் இரண்டாவது கட்டத்தில் மட்டுமே செயற்படுகின்றது.

பெயர் தரும் தகவல்

இவ்வசதி இல்லாத வழங்கியில், ஒரு பகிர்வினுள் நுழைய அனுமதி பெற்ற எவரும் அதன் முதல் நிலையிலுள்ள எல்லாக் கோப்புறைகளின் பெயர்களையும் காணலாம். அனுமதியில்லாத கோப்புறையைத் திறக்க முயலும்போதுதான் அணுகல் மறுக்கப்பட்டது என்னும் செய்தி தோன்றும். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது என்பதால் இதில் தீங்கில்லை எனத் தோன்றலாம். ஆயினும் பல வேளைகளில் பெயரே செய்தியாகிவிடுகின்றது.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் பகிர்வில் "ஆட்குறைப்பு - மார்ச்" என்னும் கோப்புறை இருப்பதாகக் கொள்வோம். மனிதவளப் பிரிவினர் தவிர வேறு எவராலும் அதைத் திறக்க முடியாது. ஆனால் அதன் பெயரைக் கண்ட ஊழியர் எவருக்கும் அதைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஒழுக்காற்று விசாரணைக்கு உள்ளானவரின் பெயரில் அமைந்த கோப்புறை, நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் சேர்ந்த கோப்பு ஆகியவையும் இத்தகையனவே.

இரண்டாவது பயன் வசதி சார்ந்தது. நூற்றுக்கணக்கான கோப்புறைகள் உள்ள பகிர்வில் ஒரு பயனருக்கு உரியவை நான்கோ ஐந்தோ மட்டும் இருக்கக்கூடும். அவற்றை மட்டும் காட்டும்போது தேடும் நேரம் குறைகின்றது. திறக்க முடியாத கோப்புறைகளைப் பற்றிப் பயனர்கள் நிருவாகியிடம் கேட்பதும் குறைகின்றது.

வரலாறு

எஸ்.எம்.பி. நெறிமுறை 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. பின்னர் மைக்ரோசாப்ட் அதை விரிவாக்கித் தனது வலையமைப்பு இயங்குதளங்களில் பயன்படுத்தியது. ஆத்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், யுனிக்ஸ் கணினிகளும் இந்நெறிமுறையில் பேசக்கூடிய வகையில் எழுதிய நிரலே சாம்பா ஆனது. அதன் முதல் வெளியீடு 1992 ஆம் ஆண்டில் வந்தது.

1980களிலும் 1990களிலும் பரவலாகப் பயன்பட்ட நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் இயங்குதளத்தில், கோப்புகளின் பெயர்களைப் பட்டியலில் காண்பதற்கெனத் தனி உரிமை ஒன்று இருந்தது. உரிமை இல்லாத கோப்புறைகள் பயனரின் கண்ணில் படுவதில்லை. நெட்வேரிலிருந்து விண்டோஸ் வழங்கிகளுக்கு மாறிய நிறுவனங்களில், அதுவரை மறைந்திருந்த பெயர்கள் அனைத்தும் எல்லோருக்கும் தெரியத் தொடங்கின.

2003 ஆம் ஆண்டில் வெளிவந்த சாம்பா 3.0 பதிப்பில், படிக்க இயலாத கோப்புகளை மறைக்கும் அமைப்பு இருந்தது. மைக்ரோசாப்ட் 2005 ஆம் ஆண்டில், விண்டோஸ் சர்வர் 2003 இன் முதலாவது சேவைத் தொகுப்புடன் இவ்வசதிக்கு வழிசெய்தது. அப்போது அதனை இயக்குவதற்கான கருவியைத் தனியே பதிவிறக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் இவ்வசதி இயங்குதளத்துடனேயே வருகின்றது. பல வழங்கிகளிலுள்ள பகிர்வுகளை ஒரே மரமாகக் காட்டும் டி.எஃப்.எஸ். பெயர்வெளிகளுக்கும் அப்பதிப்பிலேயே இது விரிவாக்கப்பட்டது.

செயற்படும் விதம்

விண்டோஸ் வழங்கியில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. எந்தப் பயனர் அல்லது எந்தக் குழு, எந்தச் செயலைச் செய்யலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். அனுமதிசார் பட்டியலிடல் இயக்கப்பட்ட பகிர்வில் பின்வருவன நிகழ்கின்றன.

1. பயனரின் கணினி ஒரு கோப்புறையின் உள்ளடக்கத்தைக் கோருகின்றது.
2. வழங்கி, அக்கோப்புறையிலுள்ள ஒவ்வொரு உருப்படியின் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலையும் எடுக்கின்றது.
3. அப்பயனருக்கோ அவர் சார்ந்த குழுவுக்கோ அவ்வுருப்படியைப் படிக்கும் அனுமதி உள்ளதா எனச் சோதிக்கின்றது.
4. அனுமதி உள்ளவற்றின் பெயர்களை மட்டும் பயனரின் கணினிக்கு அனுப்புகின்றது.

வடிகட்டல் வழங்கியிலேயே நடைபெறுவது இங்கு முக்கியமானது. மறைக்கப்பட்ட பெயர் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. ஆகவே பயனர் தனது கணினியில் வேறொரு மென்பொருளைப் பயன்படுத்தினாலும் அப்பெயர் பட்டியலில் கிடைக்காது.

டாலர் குறியிட்ட பகிர்வுகள்

விண்டோஸில் ஒரு பகிர்வின் பெயரின் இறுதியில் டாலர் குறியை ($) இட்டால், அப்பகிர்வு வழக்கமான பட்டியலில் தோன்றாது. நிருவாகத் தேவைக்கெனத் தானாக உருவாகும் சி$, அட்மின்$ ஆகிய பகிர்வுகள் இவ்வகையின. இது அனுமதிசார் பட்டியலிடலுடன் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றது.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. டாலர் குறியிட்ட பெயரையும் வழங்கி பட்டியலில் சேர்த்தே அனுப்புகின்றது. அதைக் காட்டாமல் விடுவது பயனரின் கணினியிலுள்ள விண்டோஸ் ஆகும். லினக்ஸ் கணினியிலிருந்து சாம்பாவின் கட்டளைவரிக் கருவியைக் கொண்டு அதே பட்டியலைக் கோரினால் டாலர் குறியிட்ட பெயர்களும் தெரியும். மேலும் இம்முறை எல்லோருக்கும் ஒரே விதமாக மறைக்கின்றது. யாருக்கு அனுமதி உண்டு என்பதை அது பார்ப்பதில்லை.

சாம்பாவில் உள்ள அமைப்புகள்

சாம்பாவில் பார்வையைக் கட்டுப்படுத்த மூன்று தனித்தனி அமைப்புகள் உள்ளன.

- பிரௌசபிள்: இதை "இல்லை" என அமைத்தால் அப்பகிர்வு எவருடைய பகிர்வுப் பட்டியலிலும் தோன்றாது. பெயரை அறிந்தவர், அனுமதி இருப்பின், நேரடியாக அதைத் திறக்கலாம்.
- ஆக்செஸ் பேஸ்டு ஷேர் எனம்: பகிர்வின் மீது அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் அதன் பெயர் பகிர்வுப் பட்டியலில் தோன்றும். பகிர்வுக்கு இடப்பட்ட அனுமதிகளை மட்டுமே இது பார்க்கின்றது. உள்ளிருக்கும் கோப்புகளின் அனுமதிகளை இது கருத்திற் கொள்வதில்லை.
- ஹைடு அன்ரீடபிள்: பகிர்வினுள் பயனர் படிக்க இயலாத கோப்புகளையும் கோப்புறைகளையும் மறைக்கின்றது.

மூன்றாவது அமைப்பே விண்டோஸ் சர்வரின் வசதிக்கு நெருக்கமானது. இரண்டாவது செய்யும் பணியை விண்டோஸின் ஏ.பி.இ. செய்வதில்லை. எனவே விண்டோஸ் வழங்கியில் ஏ.பி.இ. இயக்கப்பட்ட பின்னரும் பகிர்வின் பெயர் பிறருக்குத் தெரியும். இரகசியமான சொல்லைப் பகிர்வின் பெயராக இடாமல், பொதுப்பெயருடைய ஒரு பகிர்வினுள் உட்கோப்புறையாக அமைப்பதே இதற்கு வழக்கமான தீர்வாகும்.

பிற முறைமைகளுடன் ஒப்பீடு

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு கோப்பின் பெயரைக் காண்பது, அக்கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. அது இருக்கும் அடைவின் அனுமதியைப் பொறுத்தது. அடைவின் மீது படிக்கும் அனுமதி இருந்தால் உள்ளிருக்கும் எல்லாப் பெயர்களையும் காணலாம். இயக்கும் அனுமதி மட்டும் இருந்தால் பெயர்களைப் பட்டியலிட முடியாது. ஆனால் பெயரை முன்னரே அறிந்தவர் அக்கோப்பை அணுக முயலலாம்.

மின்னஞ்சல் வழங்கிகளில் பகிரப்படும் அஞ்சற் கோப்புறைகளுக்கான ஐமேப் நெறிமுறையின் விரிவாக்கம், இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் கையாள்கின்றது. 2005 ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 4314 ஆவணத்தில், கோப்புறை பட்டியலில் தென்படுவதற்கு ஓர் உரிமையும், அதனைப் படிப்பதற்கு மற்றோர் உரிமையும் வகுக்கப்பட்டுள்ளன.

வரம்புகள்

- பட்டியல் மட்டுமே வடிகட்டப்படுகின்றது. விண்டோஸில் மறைந்துள்ள கோப்புறையின் முழுப்பாதையைத் தட்டச்சிட்டால் அணுகல் மறுக்கப்பட்டதாகச் செய்தி வரும். இல்லாத கோப்புறை எனில் அது காணப்படவில்லை என வரும். இவ்விரு செய்திகளின் வேறுபாடே அக்கோப்புறை இருப்பதைக் காட்டிவிடும். மறைந்துள்ள கோப்புறையின் பெயரிலேயே புதிய ஒன்றை உருவாக்க முயன்றாலும் உருவாக்க முடியாமற் போவது இதே தகவலைத் தரும்.
- வலையமைப்பு வழியாக வருவோருக்கு மட்டுமே இது பொருந்தும். தொலை மேசைத்தளம் மூலம் வழங்கியினுள் நுழைந்து அதன் வன்தட்டை நேரடியாகப் பார்ப்பவருக்குப் பெயர்கள் மறைக்கப்படுவதில்லை.
- வழங்கியின் நிருவாகிகளிடமிருந்து இது எதையும் மறைப்பதில்லை.
- ஒவ்வொரு உருப்படியையும் சோதிக்க வேண்டியிருப்பதால் வழங்கியின் பணிச்சுமை கூடுகின்றது. ஒரே கோப்புறையில் பல்லாயிரம் கோப்புகள் இருப்பின் பட்டியல் தோன்றுவதில் தாமதம் ஏற்படலாம்.

வலைத்தளங்களிலும் முதலாவது வரம்பையொத்த சிக்கல் உண்டு. தடைசெய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் 403 என்னும் எண்ணுக்குப் பதிலாக, காணப்படவில்லை என்பதைக் குறிக்கும் 404 ஐ அனுப்ப எச்.டி.டி.பி. நெறிமுறை இடமளிக்கின்றது. ஒரு பக்கம் இருப்பதையே மறைக்க விரும்பும் வழங்கிகள் இதனைப் பயன்படுத்துகின்றன.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் அனுமதிகளைச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸில் பகிர்வுக்கு ஓர் அனுமதியும், கோப்பு முறைமையில் மற்றோர் அனுமதியும் உண்டு. வலையமைப்பு வழியாக வரும் பயனருக்கு இவ்விரண்டில் எது கூடுதலாகக் கட்டுப்படுத்துகின்றதோ அதுவே செல்லுபடியாகும். அனைவருக்கும் படிக்கும் அனுமதி தரப்பட்ட கோப்புறையை ஏ.பி.இ. மறைக்காது.

அனுமதிகளைத் தனிநபர்களுக்கு இடுவதைவிடக் குழுக்களுக்கு இடுவது பராமரிக்க எளிது. பயனர் ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால், அவர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பின்னரே உரிய கோப்புறை அவருக்குத் தோன்றும். இதனை அறியாமல், அமைப்பு வேலை செய்யவில்லை எனக் கருதி அளவுக்கு மீறிய அனுமதிகளை வழங்கிவிடுவது வழக்கமான தவறாகும்.

மேல் நிலைக் கோப்புறையில் அனுமதி இல்லாது உட்கோப்புறையில் மட்டும் அனுமதி பெற்றவருக்கு, மேல் நிலைக் கோப்புறை மறைந்துவிடுவதால் உட்கோப்புறைக்குச் செல்லும் வழியும் தெரியாது. அவர் முழுப்பாதையை அறிந்திருந்தால் மட்டுமே செல்ல முடியும். இதைத் தவிர்க்க, வழியிலுள்ள கோப்புறைகளில் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் அனுமதியை அந்தக் கோப்புறைக்கு மட்டும் பொருந்துமாறு வழங்க வேண்டும். அவ்வனுமதி கீழுள்ளவற்றுக்கு இறங்குமாறு விட்டால் மறைக்க வேண்டியவை அனைத்தும் மீண்டும் தோன்றிவிடும்.

இறுதியாக, சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றின் மூலம் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து சோதித்தல் வேண்டும். நிருவாகியின் கணக்கிலிருந்து பார்க்கும்போது எல்லாமே தெரிவதால் அச்சோதனை எதையும் உணர்த்தாது. பட்டியலில் பெயர் இல்லை என்பதுடன் நிறுத்தாமல், மறைந்துள்ள கோப்புறையின் பாதையைத் தட்டச்சிட்டு அது திறக்கின்றதா எனவும் பார்க்க வேண்டும். திறந்துவிட்டால், அனுமதியைத் திருத்துவதே முதற் பணியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்
- கோப்பு வழங்கி
- சாம்பா (மென்பொருள்)
- கணினிப் பாதுகாப்பு