எத்தனை, எவ்வளவு: ஆங்கில வினாவுக்குத் தமிழ்த் திறவுகோல்

தாய்மொழிக் கல்வி ஆங்கிலத்துக்குத் தடை எனக் கருதுவோர் நம்மிடையே உளர். கோத்தா கோலா மூடா வட்டாரத்தில் தமிழ்வழி பயிலும் மாணவர் மூன்று மொழிகளில் வினவக் கற்கின்றனர். ஒரு வினாவையேனும் ஒப்பிட்டு நோக்குவோம்.

எண்ணத்தக்கவை, அளக்கத்தக்கவை ஆகிய இரண்டுக்கும் மலாய் மொழியில் 'பெராப்பா' என்பதே அடிப்படைச் சொல். ஆங்கிலம் முன்னதற்கு 'ஹவ் மெனி' எனவும், பின்னதற்கு 'ஹவ் மச்' எனவும் பிரிக்கும். இப்பிரிவு நமக்குப் புதிதன்று. தோட்டத்தில் "எத்தனை பால்மரங்கள்?" என எண்ணுகிறோம், "எவ்வளவு பால்?" என அளக்கிறோம். ஆகவே, 'எத்தனை' எனின் 'ஹவ் மெனி'. 'எவ்வளவு' எனின் 'ஹவ் மச்'.

எனினும், இரண்டு இடங்களில் விழிப்பு வேண்டும். முதலாவது, "எத்தனை மரம்?" எனத் தமிழில் விகுதியின்றியும் கேட்கலாம்; ஆங்கிலத்தில் 'ஹவ் மெனி ட்ரீஸ்' எனப் பன்மையே வரும். இரண்டாவது, "எத்தனை தகவல்கள்?" என்பது தமிழில் இயல்பு; ஆங்கிலம் தகவலை எண்ணாது. அங்கு 'ஹவ் மச் இன்ஃபர்மேஷன்' என்பதே முறை.

"துங்கு அப்துல் ரகுமான் எத்தனையாவது பிரதமர்?" என்னும் வினாவுக்கோ ஆங்கிலத்தில் நேர்ச்சொல்லே இல்லை. 'முதலாவது' என்னும் விடையை எதிர்நோக்கும் வினாச்சொல் தமிழில் உண்டு. தமிழின் நுட்பத்தை முதலில் உணர்த்திப் பின் ஆங்கிலம் கற்பித்தால், தாய்மொழி தடையாகாது, ஏணியாகும்.