குடிக்கிற அப்பனின் பிள்ளை: சில குறிப்புகள்

மதுவைப் பற்றி இங்கு எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு தரப்பைப் பார்த்தே பேசியிருக்கின்றன. ஒன்று குடிப்பவன், மற்றது அரசு. நடுவே தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிற மனைவியின் படம் ஒன்று செருகப்படும். பிள்ளைக்கு அதில் வசனம் கிடையாது.

இந்தச் சொல்லாடலில் சேலம் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, 1929இல் அங்கிருந்தே மதுவிலக்குக்கென்று ‘விமோசனம்’ இதழை நடத்தினார், கல்கி உடனிருந்தார். அவர் மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, நாமக்கல்லும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு முதலில் வந்தது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி. கூலி வீட்டுக்கு வந்து சேரும் என்பது அன்றைய வாதம். வாதம் பொய்யில்லை. ஆனால் அதில் குடும்பம் வெறும் வரவுசெலவுக் கணக்காகச் சுருங்கிவிட்டது. பிறகு 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மறுபடி திறந்தன. மொத்த வியாபாரத்துக்காக 1983இல் உருவான டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது.

வீட்டுக்குள் நடப்பது கணக்கைவிடச் சிக்கலானது. பள்ளிபாளையம் விசைத்தறிப் பக்கம் ஒரு கூலி நாள் சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். “போயி அப்பனக் கூட்டிட்டு வா சாமி” என்று அம்மா பையனைத்தான் அனுப்புகிறாள். அவள் போனால் அடி, மாமன் போனால் சண்டை. பையன் போனால் ஒருவேளை எழுந்து வருவான். பாசம் இங்கே கருவியாகிறது. பையனுக்கும் இது தெரியும். அப்பன் வராத அன்றைக்கு, “எம்மேல பாசமில்லயாட்ட இருக்குது” என்று தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.

மூத்த மகளுக்கு வேறு வேலை. தம்பிக்குச் சோறு போடணும், அப்பன் சட்டைப்பையில் மிச்சமிருப்பதை எடுத்து ஒளிக்கணும், பக்கத்து வீட்டில் கேட்டால் “அப்பாவுக்குக் காச்சலுங்க” என்று சொல்லணும். உறவுப்பெயர்கள் அப்படியே இருக்க, உறவின் வேலைகள் இடம் மாறிவிடுகின்றன. மகள் தாயாகிறாள், தாய் காவல்காரியாகிறாள், அப்பன் வீட்டின் கடைசிக் குழந்தையாகிறான். இதை வெளியே தெரியாமல் மூடிவைப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மானம்.

அமெரிக்காவில் குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று 1951இல் ஆல்-அனானும், பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று 1957இல் அலட்டீனும் தோன்றின. அப்பனின் குடிக்குத் தான் காரணமில்லை, அதைத் தன்னால் மாற்றிவிடவும் முடியாது என்பதுதான் பிள்ளை அங்கே முதலில் கற்கிற பாடம். குடியைத் தனிமனித நோயாக மட்டும் பேசினால் கடையும் அதன் வருமானமும் மறைந்துபோகும் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் நான் கேட்ட மதுவிலக்கு மேடை எதிலும் அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை.

சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடைக்கு எதிரான போராட்டத்தில் இறந்துபோனார். கடையை மூடச் சொல்லும் போராட்டம் வேண்டும்தான். ஆனால் கடை மூடிய மறுநாளும் பையன் வாசலில் நின்று, அப்பனின் செருப்புச் சத்தம் சீராக வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பான். அவன் அப்பனை வெறுக்கிறான் என்று எழுதிவிட்டால் நம் வேலை சுலபம். அவனோ பிரியத்தோடு பயப்படுகிறான். இரண்டையும் பிரிக்காமல் கேட்க நாம் பழக வேண்டும்.